ஒரு சாணுக்குக் கீழே: மண்ணின் துளைவெளியை அடுக்கடுக்காக அளந்து பார்க்க ஒரு வழிகாட்டி

மண்வள அட்டையில் 12 விவரங்கள் இருக்கும். தழை, மணி, சாம்பல் சத்துகளில் தொடங்கி கந்தகம், துத்தநாகம், இரும்பு, தாமிரம், மாங்கனீசு, போரான், கார அமில நிலை, உப்பின் அளவு, கரிமச்சத்து வரை. எல்லாம் வேண்டியவைதான். ஆனால் வழக்கமாக அதற்காக எடுக்கும் மண் மேலே 15 செ.மீ. ஆழத்துக்குள் எடுப்பது. அதற்குக் கீழே வேர் போக வழி இருக்கிறதா, தண்ணீர் இறங்குமா, காற்று எட்டுமா என்பதைப் பற்றி அட்டையில் ஒரு வரியும் இருக்காது.

கோவை, திருப்பூர், ஈரோடு பக்கம் புதிதாக நிலம் வாங்கிப் பண்ணையம் தொடங்குகிறவர்கள் பலர் அந்த அட்டையையும் கிணற்றுத் தண்ணீர் பரிசோதனையையும் கையில் வைத்துக்கொண்டு நேராக ஜேசிபி, சொட்டுநீர், தென்னங்கன்று என்று போய்விடுகிறார்கள். நடுவில் ஒரு நாள் வேலை விட்டுப்போகிறது. ஒரு குழி வெட்டி, மேலிருந்து கீழே மண்ணின் துளைவெளி, அதாவது துகள்களுக்கு நடுவே உள்ள இடைவெளி, எப்படி மாறுகிறது என்று பார்க்கும் வேலை அது. பெரிய செலவில்லை. ஆய்வகமும் வேண்டாம். ஒரு இரும்புக் குழாய்த் துண்டு, சமையலறைத் தராசு, மம்பட்டி, கடப்பாரை போதும்.

துளைவெளி ஏன் அடுக்குக்கு அடுக்கு மாறுகிறது

நல்ல மேல்மண்ணில் நூற்றுக்கு 45 முதல் 55 பங்கு வரை வெறும் இடைவெளி. ஈரமும் காற்றும் மாறி மாறிக் குடியிருக்கும் இடம் அது. ஏறக்குறைய 0.05 மி.மீ.க்கு மேல் அகலமுள்ள துளையில் தண்ணீர் தங்காது. மழை விட்ட ஓரிரு நாளில் வடிந்து அங்கே காற்று வந்துவிடும். அதைவிடச் சிறிய துளையில் தண்ணீர் பிடித்து நிற்கும், பயிர் குடிப்பது அதைத்தான். மிகமிகச் சிறிய துளையில் நிற்பதைப் பயிராலும் உறிஞ்ச முடியாது.

அதனால் மொத்தத் துளைவெளி அதிகமாக இருந்தால் நல்ல மண் என்று முடிவு கட்டிவிட வேண்டாம். மணலைவிடக் களிமண்ணில்தான் மொத்தத் துளைவெளி அதிகம். ஆனால் பெரும்பகுதி நுண்ணிய துளை. தண்ணீர் நிற்கும், காற்று நுழையாது. மணலில் மொத்தம் குறைவு, துளைகள் பெரியவை, விட்ட தண்ணீர் நிற்காமல் இறங்கிவிடும். நம் பக்கத்துச் செம்மண்ணில் பெருமணல், சிறுமணல், களி மூன்றும் கலந்திருக்கும். எலுமிச்சம்பழக் கூடைக்குள் கடுகைக் கொட்டினால் இடுக்கெல்லாம் அடைபடுவதுபோல, மணலுக்கு நடுவே நுண்துகள் போய் உட்கார்ந்துகொள்ளும். ஐப்பசி ஈரத்தில் சுலபமாக வெட்டுப்படும் மண், சித்திரை வெயிலில் கடப்பாரை துள்ளும் அளவுக்கு இறுகுவதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

ஆழம் போகப் போகத் துளைவெளி குறையும் என்பது பொது விதி. மேலே இலைதழை மக்குகிறது, மண்புழுவும் எறும்பும் வேரும் வழி போட்டுக்கொண்டே இருக்கின்றன. கீழே அதெல்லாம் குறைவு. போதாததற்கு மேலேயுள்ள மண்ணின் எடை கீழ்மண்ணை அழுத்துகிறது. மழைநீரோடு இறங்கும் நுண்களி ஓர் ஆழத்தில் தங்கித் துளைகளை அடைக்கிறது. செம்மண்ணில் ஒன்றரை, இரண்டடியில் மண் திடீரென்று பிசுக்குத் தட்டினால் அது அந்தக் களி சேர்ந்த அடுக்காக இருக்கலாம். அதற்கும் கீழே சரளையோ, சுக்கான் கல்லோ, பாதி மக்கிய பாறையோ வரும்.

உழுத நிலத்தில் இந்த விதி நடுவில் முறிகிறது. மேலே 12, 15 செ.மீ. பொலபொலவென்று இருக்கும். அதற்கடியில் ஏழெட்டு, பத்து செ.மீ. கனத்துக்கு ஒரு இறுகிய தட்டு. தட்டைத் தாண்டினால் மண் மறுபடியும் கொஞ்சம் தளர்ந்திருக்கும், அப்புறம்தான் பழையபடி ஆழத்தோடு இறுகிக்கொண்டு போகும். அதாவது தோட்டத்திலேயே மிகக் குறைந்த துளைவெளி, வேர் அதிகம் வேலை செய்ய வேண்டிய ஒரு சாண் ஆழத்தில் இருக்கலாம். மேலே கையால் கிளறினால் இது தெரியாது. போர் போடும்போது வெளியே வரும் மண்ணைப் பார்த்தாலும் தெரியாது. அடுக்கடுக்காகப் பார்த்தால்தான் பிடிபடும். இந்த வேலையை விடாதீர்கள் என்று நான் எல்லோரிடமும் வற்புறுத்துவது இதனால்தான்.

இந்தத் தட்டு எப்படி வருகிறது? ஈரம் காயாத மண்ணில் வருஷா வருஷம் ஒரே ஆழத்தில் கொக்கிக் கலப்பையும் ரோட்டாவேட்டரும் ஓட்டினால் வரும். ரோட்டாவேட்டர் மேல்மண்ணைப் பொடியாக்கிக் காட்டும், பார்க்க அழகாக இருக்கும். ஆனால் அதன் கத்தி திரும்பும் இடத்தில் அடிமண் தேய்ந்து துளை அடைபடுகிறது. கீழ்பவானி வாய்க்கால் பாசனத்தில் இன்னொரு வழியிலும் வருகிறது. அங்கே ஒரு போகம் நெல்லுக்கும், மறுமுறை கடலை, எள் போன்ற புன்செய்ப் பயிருக்கும் தண்ணீர் விடுவது பல காலமாக இருக்கும் முறை. நெல்லுக்குச் சேறடிக்கும்போது அடியில் தட்டு உண்டாவது நல்லதே, தண்ணீர் நிற்கும். அதே வயலில் அடுத்துக் கடலை போடும்போது அந்தத் தட்டுதான் வேரை மறிக்கிறது.

எப்போது, எங்கே

உழவுப் பதத்தில் பாருங்கள். செம்மண்ணில் நல்ல மழைக்கோ பாய்ச்சலுக்கோ இரண்டு மூன்று நாள் கழித்து, கருமண்ணில் நாலைந்து நாள் கழித்து. கையில் பிடித்தால் உருண்டை நிற்க வேண்டும், விரலால் தட்டினால் உதிர வேண்டும், கையில் ஒட்டக் கூடாது. கோடையில் காய்ந்த மண்ணில், எடை போட மண் எடுக்கும் இரும்புக் குழாய்த் துண்டு இறங்காது. சேறாக இருந்தால் குழாய்க்குள்ளேயே மண் அமுங்கிவிடும்.

இடம் தேர்வதில் ஒரு விஷயத்தை மட்டும் விடவே கூடாது. குறைந்தது மூன்று இடம் வேண்டும்: தோட்டத்தின் நடு, டிராக்டர் திரும்பும் வரப்போரம், அப்புறம் உழவே படாத வேலியோரம். மூன்றாவதுதான் உங்கள் அளவுகோல். புத்தகத்தில் போட்டிருக்கும் எண் எங்கேயோ உள்ள மண்ணுக்கானது. கிளுவை வேலிக்கு அடியில் இருப்பது உங்கள் மண், கலப்பை படாமல் இருந்தால் எப்படி இருக்கும் என்று காட்டும் மண். காங்கேயம், வெள்ளகோவில், தாராபுரம் பக்கம் இருப்பவர்களுக்கு இன்னும் வசதி: பக்கத்தில் ஒரு கொறங்காடு இருக்கும். கொழுக்கட்டைப்புல்லும் வெள்வேல மரமுமாகப் பல காலம் மேய்ச்சலுக்கே விட்ட மண். உரிமையாளரிடம் கேட்டுக்கொண்டு அங்கேயும் ஒரு குழாய் அடித்துப் பாருங்கள். மாடு மிதித்து மேல் நாலு விரற்கடை கொஞ்சம் இறுகியிருக்கலாம். அதற்குக் கீழே புல்வேர் போட்ட துளை நேராக இறங்கியிருக்கும்.

குழி வெட்டுவதற்கு முன்னால் ஒரு முனை மழுங்கிய 10 மி.மீ. கம்பியை எடுத்துக்கொண்டு தோட்டத்தில் நடந்து பல இடங்களில் அழுத்துங்கள். ஒரே வேகத்தில், ஒரே ஆள் அழுத்த வேண்டும். சர்ரென்று இறங்கி ஓர் ஆழத்தில் முட்டி, கொஞ்சம் பலம் கொடுத்ததும் மறுபடி சுலபமாக இறங்கினால் அங்கே தட்டு இருக்கிறது. முட்டிய ஆழத்தைக் கம்பியில் சுண்ணாம்பால் குறித்துக்கொள்ளுங்கள். கல்லில் முட்டினால் சத்தமே வேறு, அரை அடி தள்ளிக் குத்தினால் தெரிந்துவிடும்.

குழியும் கண்ணும்

மூன்றடி நீளம், இரண்டடி அகலம், இரண்டரை அடி ஆழம் போதும். ஒரு பக்கத்தைப் படிபடியாக வெட்டுங்கள்: முதல் படி 5 செ.மீ.யில், அடுத்தது 18, அதற்கடுத்தது 32, கடைசி 50. ஒவ்வொரு படியும் குழாய் அடிக்கவும் தண்ணீர் சோதனை செய்யவும் இடம் தருகிற அகலத்தில் இருக்கட்டும். அந்தப் படிகளின் மேல் யாரும் ஏறி நிற்க வேண்டாம், மிதித்தால் அளவே கெட்டது. வெட்டிய மண்ணை விளிம்பில் குவிக்காமல் தள்ளிப் போடுங்கள். இடுப்புக்கு மேல் ஆழமாகத் தனியாளாக இறங்கி வெட்டாதீர்கள். வேலை முடிகிற வரை கன்றுக்குட்டியோ குழந்தையோ விழாமல் சுற்றி முள் போட்டு, முடிந்த அன்றே மூடிவிடுங்கள்.

வெயில் படுகிற சுவரைக் கத்தியால் மேலிருந்து கீழே சுரண்டிச் சுத்தம் செய்யுங்கள். மம்பட்டி தேய்த்த பளபளப்பு போய் மண்ணின் சொந்த முகம் தெரியும். இப்போது அவசரப்படாமல் பார்க்க வேண்டும்.

முதலில் வேர். பருத்திச் செடியோ ஆமணக்கோ பக்கத்தில் இருந்தால் அதன் ஆணிவேரைத் தொடர்ந்து மண்ணைத் தட்டிக்கொண்டே போங்கள். தட்டு இருக்கும் இடத்தில் வேர் ஒரு முழங்கை மடக்கிப் படுக்கையாக ஓடும். மடங்கிய இடத்தில் வேர் தடித்திருக்கும், நுனி போக வழி தேடிய அடையாளம் அது. அப்புறம் அந்த ஆழத்தில் ஒரு மண்கட்டியைக் கத்தியால் நெம்பி எடுத்துக் கையில் வைத்து உடையுங்கள். மேல்மண் உருண்டை உருண்டையாக உதிரும். தட்டு மண் அப்படி உதிராது, படுக்கைவசமாக ஓடு ஓடாகப் பிளக்கும். இரண்டு ஓட்டுக்கு நடுவே சல்லிவேர்கள் நசுங்கித் தட்டையாகிக் கிடக்கும். ஓட்டைத் திருப்பி வெளிச்சத்தில் பிடித்தால் துளை ஒன்றுகூடக் கண்ணுக்குப் படாது. வேலியோரத்து மண்கட்டியை அதே மாதிரி உடைத்துப் பார்த்தால் குண்டூசி நுழையும் அளவுக்கு வேர்த்துளையும், அதைவிட அகலமாக மண்புழு போன தடமும் தெரியும். தடத்தின் உட்சுவர் வழவழப்பாகக் கறுத்திருக்கும். தராசில் வைப்பதற்கு முன்னாலேயே பாதிப் பதில் இந்த இரண்டு கட்டிகளில் கிடைத்துவிடும்.

ஜேசிபியில் வெட்டிய தென்னங்குழி இருந்தால் அதன் சுவரையும் போய்ப் பாருங்கள். ஈரத்தில் வெட்டியிருந்தால் வாளி தேய்த்து மெழுகின மாதிரி இருக்கும். அந்த மெழுக்குக்குள் துளை எல்லாம் மூடிக்கிடக்கிறது. மழைக்காலத்தில் குழிக்குள் தண்ணீர் தேங்கிக் கன்று திணறும். நடுவதற்கு முன் நான்கு சுவரையும் அடியையும் கடப்பாரையால் கொத்திவிட்டால் போதும்.

குழாய் அடித்து எடை போடுவது

லேத் பட்டறையில் சொன்னால் 3 அங்குல இரும்புக் குழாயில் ஒரு துண்டு வெட்டித் தருவார்கள். உள்விட்டம் 7.5 செ.மீ., உயரம் 7.5 செ.மீ. அளவில் இருந்தால் கணக்குக்கு வசதி. ஒரு முனையை வெளிப்பக்கமாகச் சரித்துக் கூராக்கச் சொல்லுங்கள். உள்பக்கம் சரித்தால் மண்ணை உள்ளே நெருக்கிவிடும், அளவு தவறாகும். உள்விட்டத்தை நீங்களே ஸ்கேல் வைத்து அளந்துகொள்ளுங்கள். 7.5க்கு 7.5 என்றால் கொள்ளளவு 331 கன செ.மீ.

படியின் மேல்தோலை விரலளவு சீவிவிட்டு, குழாயைக் கூர்முனை கீழே இருக்கும்படி நிறுத்தி, மேலே ஒரு பலகைத் துண்டை வைத்துச் சுத்தியலால் மெதுவாகத் தட்டுங்கள். குழாயின் மேல்விளிம்பு மண்மட்டத்துக்கு வந்ததும் நிறுத்துங்கள். உள்ளே இருக்கும் மண் வெளிமட்டத்தைவிடத் தாழ்ந்திருந்தால் தட்டியதில் அமுங்கிவிட்டது என்று அர்த்தம். அதை விட்டுவிட்டு வேறிடத்தில் அடியுங்கள். சரியாக இறங்கியிருந்தால் சுற்றிலும் கத்தியால் தோண்டி, குழாயை அடிமண்ணோடு தூக்கி, இரண்டு பக்கமும் விளிம்புக்குச் சமமாகச் சீவுங்கள். நீட்டிக்கொண்டிருக்கும் வேரைக் கத்தரிக்கோலால் வெட்டுங்கள், இழுக்காதீர்கள். கல் துருத்திக்கொண்டிருந்தால் அந்த மாதிரி வேண்டாம்.

ஒரு படிக்கு மூன்று மாதிரி. ஒவ்வொன்றையும் தனிப் பையில் போட்டு ஆழம், இடம், தேதி எழுதி வாயைக் கட்டுங்கள். ஈரம் போவதற்குள் வீட்டுக்கு வந்து பையின் எடையைக் கழித்துக்கொண்டு முதலில் ஈர எடை. அப்புறம் காய வைக்க வேண்டும். ஆய்வகத்தில் 105 டிகிரியில் ஒரு நாள் வைப்பார்கள். வீட்டில் இரும்பு வாணலியில் போட்டு, கட்டிகளை நசுக்கி, சிறுதீயில் கிளறிக்கொண்டே இருங்கள். ஆவி அடங்கியதும் எடை போடுங்கள், மறுபடி பத்து நிமிடம் வறுத்து எடை போடுங்கள். இரண்டும் ஒன்றாக வந்தால் முடிந்தது. புகையவோ கருகவோ விடக் கூடாது, மக்கு எரிந்துவிடும். வெயிலில் மட்டும் உலர்த்தினால் செம்மண்ணில் கொஞ்சம், கருமண்ணில் கணிசமாக ஈரம் மிச்சமிருக்கும். அந்தக் கணக்கை நம்ப முடியாது.

கணக்கு

உலர்ந்த எடையைக் குழாயின் கொள்ளளவால் வகுத்தால் பரும அடர்த்தி, அதாவது ஒரு கன செ.மீ. இடத்தில் எத்தனை கிராம் உலர்ந்த மண் என்பது. மண் துகளின் அடர்த்தி 2.65 என்று வைத்துக்கொள்வது வழக்கம். பரும அடர்த்தியை 2.65ஆல் வகுத்து, அதை ஒன்றிலிருந்து கழித்து நூறால் பெருக்கினால் துளைவெளி சதவீதம் வந்துவிடும்.

கணக்குப் பழகுவதற்காக ஓர் உதாரணம் எடுத்துக்கொள்வோம். முதல் படியில் ஈர எடை 500 கிராம், உலர்ந்தது 450. 450ஐ 331ஆல் வகுத்தால் 1.36. துளைவெளி 49 சதவீதம். போன ஈரம் 50 கிராம், அது 50 கன செ.மீ. தண்ணீர், குழாயின் கொள்ளளவில் 15 சதவீதம். 49இல் 15 போக 34 சதவீதம் காற்று. இரண்டாவது படியில் ஈர எடை 640, உலர்ந்தது 556. பரும அடர்த்தி 1.68, துளைவெளி 37 சதவீதம்தான். தண்ணீர் 25 சதவீதத்துக்கு மேல் பிடித்திருக்கிறது, காற்றுக்கு மிஞ்சியது ஏறக்குறைய 11. கடைசிப் படியில் உலர்ந்தது 510 என்றால் 1.54, துளைவெளி 42. மேலே 49, நடுவில் 37, கீழே 42. தட்டு எங்கே என்று எண்ணே சொல்லிவிடுகிறது.

காற்றுள்ள துளைவெளி 10 சதவீதத்துக்குக் கீழே போனால் பெரும்பாலான பயிர்களின் வேர் திணறத் தொடங்கும். மஞ்சளில் கிழங்கழுகல் பரவுவதற்குத் தேங்கும் ஈரம் எவ்வளவு பெரிய காரணம் என்று ஈரோட்டுக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. மருந்து ஊற்றுவதோடு நிற்காமல் 20 செ.மீ.யில் காற்று எவ்வளவு இருக்கிறது என்றும் பாருங்கள்.

பரும அடர்த்தி எவ்வளவு போனால் வேர் நிற்கும் என்பது மண்ணுக்கு மண் மாறும். மணலில் ஏறக்குறைய 1.8, மணலும் களியும் கலந்த நடுத்தர மண்ணில் 1.75, கனத்த களியில் 1.47 அளவிலேயே வேர் மறிபடும். அந்த எல்லையைத் தொடுவதற்கு வெகு முன்னாலேயே வேரின் வேகம் குறைய ஆரம்பித்துவிடும். அதனால் இந்த எண்களைவிட வேலியோரத்து எண்ணோடு ஒப்பிடுவதே எனக்குப் பிடித்த முறை. அதே ஆழத்தில் வேலியோரம் 1.45, தோட்டத்து நடுவில் 1.68 என்றால் அந்த வித்தியாசம் உழவும் டயரும் செய்தது, சரிசெய்ய முடிந்தது. இரண்டு இடத்திலும் 1.65 என்றால் அது மண்ணின் பிறவிக் குணம். அதோடு அனுசரித்துப் போகும் பயிரைத்தான் தேட வேண்டும்.

தண்ணீர் எவ்வளவு வேகமாக இறங்குகிறது

துளைவெளி எவ்வளவு என்று எடை சொல்லும், துளைகள் ஒன்றோடொன்று சேர்ந்திருக்கின்றனவா என்பதைச் சொல்லாது. அதற்கு 15 செ.மீ. உள்விட்டமுள்ள பிவிசி குழாயில் ஒரு சாண் நீளத் துண்டு வேண்டும். படியில் மூன்று விரற்கடை ஆழம் அழுத்தி, உள்ளே பிளாஸ்டிக் தாள் விரித்து 440 மி.லி. தண்ணீர் ஊற்றித் தாளை மெல்ல உருவுங்கள். உள்ளே 2.5 செ.மீ. உயரத்துக்குத் தண்ணீர் நிற்கும். முதல் ஊற்று மண்ணை நனைக்க. அது இறங்கியதும் இரண்டாவது முறை ஊற்றி, தண்ணீர் மறையும் வரை நேரம் பாருங்கள். ஒவ்வொரு படியிலும் இதைச் செய்யுங்கள்.

மேல்படியில் பத்து நிமிடத்திலும் இரண்டாவது படியில் ஒரு மணி நேரத்துக்கு மேலும் ஆனால், பெருமழை வரும்போது என்ன நடக்கும் என்று யோசித்துப் பாருங்கள். மேலே சொன்ன உதாரண மண்ணில் முதல் 15 செ.மீ.யில் 34 சதவீதம் காற்று. அங்கே 51 மி.மீ. மழைக்கு இடம் இருக்கிறது. அது நிறைந்ததும் தட்டு வாங்க மறுக்கும், மிச்சம் மேல்மண்ணையும் தூக்கிக்கொண்டு பள்ளத்துக்கு ஓடும். ஒரு ஏக்கரில் 25 மி.மீ. மழை என்பது ஏறக்குறைய ஒரு லட்சம் லிட்டர். மழை மறைவுப் பகுதியான நம் சீமையில் அதை ஓடவிட்டுவிட்டு ஆயிரம் அடி போரில் தண்ணீர் தேடுவது எனக்கு மனசே ஆறாத விஷயம். சொட்டுநீரிலும் இதே கதைதான்: தட்டின் மேல் ஈரம் பக்கவாட்டில் பரவும், ஆழத்து வேருக்கு எட்டாது.

கருமண்ணும் சரளையும்

கோவை வட்டாரத்து மண்வகைகளுக்கு இருகூர், பல்லடம், பெரியநாயக்கன்பாளையம் என்று ஊர்ப்பெயரையே வைத்திருக்கிறார்கள். ஒரே ஊருக்குள் இரண்டு மூன்று மண் வருவதும் சாதாரணம். எனவே பக்கத்துத் தோட்டத்து எண்ணை உங்கள் தோட்டத்துக்கு எடுத்துக்கொள்ள வேண்டாம்.

கருமண் ஈரத்தில் உப்பும், காய்ந்தால் சுருங்கி வெடிக்கும். காய்ந்த கட்டியை அளந்தால் 1.7, 1.8 என்றுகூட வந்து பயமுறுத்தும். அந்த மண்ணின் துளைவெளியில் ஒரு பெரும்பங்கு அப்போது வெடிப்புகளில் இருக்கிறது, குழாய்க்குள் வராது. பதத்தில் மட்டுமே அளக்க வேண்டும். குழியில் இரண்டடிக்குக் கீழே சாய்வாக, தேய்த்துவிட்ட மாதிரி மினுமினுக்கும் முகங்கள் தெரிந்தால் அது இறுக்கம் இல்லை, மண் உப்பிச் சுருங்கும்போது ஒன்றன்மேல் ஒன்று உரசிய தடம். முதல் மழைத் தண்ணீர் வெடிப்பு வழியே நேராக ஆழத்துக்குப் போகும். மண் உப்பி வெடிப்பு மூடியதும் இறங்கும் வேகம் சட்டென்று விழும். கருமண்ணில் பாத்தியும் வடிகாலும் இதை நினைவில் வைத்துப் போட வேண்டும்.

சரளை மண்ணில் குழாய் இறங்காது. அதற்குப் பதிலாக ஒரு சாணுக்கும் குறைவான அகல ஆழத்தில் சிறு குழி தோண்டி, தோண்டிய மண் முழுவதையும் சேர்த்து வையுங்கள். குழிக்குள் மெல்லிய பாலித்தீன் தாளை ஒட்ட விரித்து, அளந்து தண்ணீர் ஊற்றினால் குழியின் கொள்ளளவு தெரியும். மண்ணை உலர்த்தி 2 மி.மீ. சல்லடையில் கல்லைப் பிரியுங்கள். தண்ணீர் நிறைந்த பாத்திரத்தில் கல்லைப் போட்டு வழியும் தண்ணீரை அளந்து, கல்லின் கொள்ளளவையும் எடையையும் கழித்துவிட்டுக் கணக்குப் போடுங்கள்.

நொய்யல் ஓரமாகவோ, உப்புத் தண்ணீர் போர் பாசனத்திலோ இருப்பவர்கள் இன்னொன்றும் பார்க்க வேண்டும். உலர்ந்த சிறு மண்கட்டியைக் கண்ணாடி டம்ளரில் மழைநீரிலோ காய்ச்சி வடித்த நீரிலோ மெல்லப் போடுங்கள். கட்டி உதிர்ந்தாலும் தண்ணீர் தெளிவாக இருந்தால் மக்குக் குறைவு. கட்டியைச் சுற்றிப் பால் கலந்த மாதிரி கலங்கி, நேரமாகியும் தெளியாவிட்டால் சோடியம் களியைப் பிரித்துவிடுகிறது. பிரிந்த களி துளைகளை அடைக்கும். அங்கே எத்தனை உழவு ஓட்டினாலும் பயன் இல்லை. மண்ணையும் தண்ணீரையும் சோதித்து, சொல்லும் அளவுக்கு ஜிப்சம் போட்டு, நல்ல தண்ணீரால் கழுவ வேண்டும்.

தட்டு இருந்தால்

"இன்னும் ரெண்டு உழவு சேத்து ஓட்டீட்டாச் சரியாப் போகுமுங்க" என்று டிராக்டர் ஓட்டுகிறவர் சொல்வார். அதே ஆழத்தில் இன்னும் இரண்டு உழவு என்றால் தட்டு இன்னும் இறுகும். தேவைப்படுவது உளிக்கலப்பை, மண்ணைப் புரட்டாமல் ஆழமாகக் கீறித் தட்டை உடைக்கும் கலப்பை. வேளாண் பல்கலைக்கழகம் சொல்லும் முறை, அரை மீட்டர் இடைவெளியில் ஒரு திசையிலும் பிறகு அதற்குக் குறுக்காகவும் ஓட்டுவது, மூன்று வருடத்துக்கு ஒருமுறை. கூடவே ஏக்கருக்கு 5 டன் தொழுவுரமோ, மக்கிய தென்னைநார்க் கழிவோ இட வேண்டும். பொள்ளாச்சி பக்கம் நார்க்கழிவுக்குப் பஞ்சமில்லை, மக்காததை மட்டும் வாங்காதீர்கள்.

மற்ற உழவுக்குப் பதம் பார்ப்போம், உளிக்கலப்பைக்கு அடிமண் காய்ந்திருக்க வேண்டும். காய்ந்த தட்டு நொறுங்கும். ஈரத் தட்டில் உளி ஒரு கீறல் போட்டுவிட்டுப் போய்விடும், கீறலின் இரு சுவரும் தேய்ந்து மூடும். ஆழத்தை உங்கள் குழி சொல்லும்: தட்டு 18இல் தொடங்கி 28இல் முடிந்தால் உளி 33, 35 செ.மீ. போனால் போதும். அதற்கு மேல் போவது டீசல் செலவு.

உடைத்த இடத்தை வேர் பிடித்துக்கொள்ளாவிட்டால் ஓரிரு போகத்தில் மறுபடி மூடிவிடும். அதனால் உளி ஓட்டியதும் வரும் முதல் மழைக்குச் சணப்போ தக்கைப்பூண்டோ விதையுங்கள். மேட்டாங்காட்டில் துவரையும் ஆமணக்கும் நல்லது, அவற்றின் ஆணிவேர் செத்த பிறகு அந்தத் துளை அடுத்த பயிருக்கு வழி. ஈரத்தில் டிராக்டரை இறக்காதீர்கள். நெல் அறுவடை இயந்திரம் போன்ற கனத்த வண்டி ஈர வயலில் ஒருமுறை போனாலே, உளிக்கு எட்டாத ஆழம்வரை அழுத்தம் போகலாம். டயர் எப்போதும் ஒரே தடத்தில் போகும்படி வழி வகுத்துவிட்டால் மிச்ச நிலமாவது தப்பும்.

நிலத்தைச் சமப்படுத்த ஜேசிபியைக் கூப்பிடுவதற்கு முன்னால் இந்தக் குழியை வெட்டிவிடுங்கள். மேட்டில் சுரண்டும்போது துளைவெளி நிறைந்த மேல்மண் பள்ளத்துக்குப் போய், இறுகிய அடிமண் மேலே வந்துவிடும். மேல்மண்ணைத் தனியாக ஒதுக்கிவைத்து, அடிமண்ணைச் சமப்படுத்திய பிறகு மறுபடி பரப்பச் சொல்லுங்கள். கூலி கூடும். பரவாயில்லை, போன மேல்மண்ணை எந்த விலைக்கும் வாங்க முடியாது. குளத்து வண்டல் அடிப்பவர்கள் அதைத் தனிப் போர்வையாக மேலே விடாமல் கலந்து உழ வேண்டும். நுண்மண்ணுக்கு அடியில் திடீரென்று பெருமணல் வந்தால், மேலே முழுக்க ஊறும் வரை தண்ணீர் கீழே இறங்காது.

இரண்டடியிலேயே சுக்கான் கல்லோ பாறையோ முட்டினால் உளியும் உதவாது. அங்கே தென்னைக்கு ஆசைப்படாமல் சின்ன வெங்காயம், கடலை, தீவனப்புல் போன்ற மேல்வேர்ப் பயிர்களைப் பாருங்கள்.

சரிசெய்த நிலத்தை ஒரு வருடம் கழித்து அதே இடத்தில், அதே ஆழத்தில், மழைக்குப் பின் அதே நாள் கணக்கில் மறுபடி அளந்து பாருங்கள். இடத்தை வேலிக்கல்லிலிருந்து எத்தனை அடி என்று நோட்டில் குறித்திருந்தால்தான் இது முடியும். மூன்று மாதிரியின் சராசரியைப் பாருங்கள். 0.05 அளவு வித்தியாசம் குழாய் அடித்ததில் வந்ததாகவும் இருக்கலாம், அதை வைத்து எதையும் முடிவு செய்ய வேண்டாம். 1.68 இருந்த இடம் 1.55க்கு வந்திருந்தால் மண் உண்மையிலேயே திறந்திருக்கிறது. அந்த வருடம் அங்கே மறுபடி உளி ஓட்ட வேண்டியதில்லை.